ஆறாவது கயிறு

கமென்கிராத் ஊரின் பழைய குளியல் மாளிகையை அடியிலிருந்து முடிவரை ஒருமுறை பார்த்து முடிப்பதற்குள் இரண்டாயிரம் வயது கூடிவிடும். அடியில் ரோமானியர்களின் தட்டைச் செங்கல். அதற்கு மேல் கல்லும் செங்கல்லும் மாறி மாறி ஓடும் பைசாந்தியச் சுவர். அதன் தலையில் துருக்கியர் கவிழ்த்துவிட்டுப் போன ஈயக் கும்மட்டம். பக்கவாட்டில் தெருவை எட்டிப் பார்க்கும் மரமாடி, கம்பளி வியாபாரி ஒருவன் திமிரில் கட்டியது. முதுகில் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சிக் காலத்துக் கான்கிரீட் பெட்டி. அதைப் பார்த்த கோழிகள் முட்டையிடுவதையே நிறுத்திவிட்டனவாம்.

ஆறாவதாக ஒரு கண்ணாடிக் கூரை போடத்தான் சோபியாவிலிருந்து நெத்யால்கா வந்தாள். கட்டட வரைஞர். கூரை மூன்று முறை தானாக விரிசல் விட்டு நொறுங்கியது. நாலாவது முறை அசையாமல் நின்றது. அன்றிலிருந்து அவள்தான் இளைத்தாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. கண்ணாடியில் அவள் முகம் ஒரு நொடி தாமதித்தே வந்தது.

அறிவிப்புப் பலகைக்காகச் சுவர்களைப் படமெடுத்தபோது, ரோமச் செங்கல் இடுக்கில் ஒரு சிவப்புக் கயிறு அகப்பட்டது. தொட்டால் பொடியாக வேண்டியது, நேற்று முறுக்கியதுபோல் இருந்தது. அடுத்த சுவரில் ஒன்று, கும்மட்டத்தில் ஒன்று, மரமாடியில், கான்கிரீட்டில். கடைசியாகக் கண்ணாடிச் சட்டத்துக்கு அடியில் ஆறாவது, புத்தம் புதியது.

“ஸ்பாஸ் அண்ணே, இது என்ன?”

மேஸ்திரி ஸ்பாஸ் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானித்சாவைக் கடித்துக்கொண்டிருந்தார். “பாத்துட்டீங்களா! நிழல் அளந்த கயிறு. இன்னும் ஆழமா செருகியிருக்கணும்.”

“என் நிழலையா அளந்தீங்க?”

“வேற யாரோடத அளக்க, இஞ்சினியரம்மா? கட்டட வேலை நடக்கையில எங்க ஊர்க்காரன் எவனாவது வெயில்ல இந்தப் பக்கம் வர்றானா? பாதிரியாரே குடையோட ஆத்தைச் சுத்திப் போறாரு. நீங்கதான் சாயங்கால வெயில்ல ஒட்டடைக் கம்பாட்டம் நீட்டி நின்னீங்க. ஒரு நிழலை உள்ள வெச்சாத்தான் கட்டடம் நிக்கும்.”

“வெச்சா?”

“நாப்பதாம் நாள் நிழலுக்குச் சொந்தக்காரங்களும் உள்ள போயிடுவாங்க. காவலுக்கு.”

அவள் விரல்விட்டு எண்ணினாள். “நாளைக்கு மத்தியானம்.”

ஸ்பாஸ் மெல்வதை நிறுத்தினார். “அதுக்குள்ளயா? கயித்தை உருவினா கூரை என் ஆளுங்க தலையில விழும். பதிலுக்கு ஒண்ணு வேணும். என்னோடத அளந்துக்குங்க, எழுபது வயசாச்சு. என் பொண்டாட்டிகிட்ட விபத்துன்னு சொல்லுங்க. வேணும்னே போனேன்னு தெரிஞ்சா சுவத்துக்குள்ள வந்து திட்டுவா.”

நெத்யால்கா திரும்பினாள். சதுக்கம் முழுக்க நீண்டு கிடந்த கட்டடத்தின் நிழலையே பார்த்தாள்.

“அண்ணே, அதுக்கே அவ்வளவு பெரிய நிழல் இருக்கே. நம்மளோடது எதுக்கு?”

ஊரிலிருந்த சிவப்புக் கம்பளி நூலெல்லாம் காலி. அளந்த கயிறு சதுக்கத்தைத் தாண்டி, ரொட்டிக்கடைக்குள் நுழைந்து பின்வாசல் வழியாக வெளியேறி, பாலம்வரை போனது. சுருட்டினால் ஒரு கொழுத்த ஆட்டின் பருமன். அதைச் சட்டத்துக்கு அடியில் திணித்த பிறகே ஸ்பாஸ் அவள் கயிற்றை உருவினார். கூரை ஒருமுறை முனகியது. விழவில்லை.

மறுநாள் அக்டோபர் வெயிலில் இருவரும் சதுக்கத்தில் நின்றார்கள். மணி பன்னிரண்டு அடித்தது. கட்டடம் நின்றது, அதன் நிழல் இல்லை; காவலுக்கு உள்ளே போயிருந்தது. அது கிடந்த இடத்தில் ஐந்து மனித நிழல்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒன்றின் தலையில் குடம். ஒன்று குல்லாயில் குஞ்சம் வைத்திருந்தது. ஆட்கள் யாரும் இல்லை. அவை மெல்ல எழுந்து ஆற்றுப் பக்கம் நடக்கத் தொடங்கின.

கடைசி நிழல் காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. ஸ்பாஸ் தொப்பியைக் கழற்றினார்.

“எங்க சித்தப்பாவோட நடை,” என்றார். “அந்தக் கான்கிரீட் பெட்டி எங்கப்பா கட்டினது.”

நெத்யால்கா குனிந்து பார்த்தாள். அவள் காலடியில் அவள் நிழல் பத்திரமாக இருந்தது. அது போகிறவர்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தது.

அவளுடைய இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள் இருந்தன.