‘அப்பா - மருந்து’ பக்கத்தில் ஒரு வரி

1

இந்தக் கதை ஒரு மன்னிப்புக் கடிதமாகத்தான் தொடங்கியது. ‘அக்காவுக்கு’ என்று எழுதி, ஒரு காற்புள்ளி போட்டு, நாற்பது நிமிடம் அந்தக் காற்புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதம் என்றால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கதை என்றால் கொஞ்சம் மழுப்பலாம். அதனால் கதை. (எழுதுகிறவனின் நேர்மையைப் பற்றி உங்களுக்கு இப்போதே ஓர் அபிப்பிராயம் வந்திருக்கும். வரட்டும்.)

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவன்—

மழை பெய்யவில்லை. நல்ல வெயில்.

இரண்டாவது: அவன் அடிப்படையில் நல்லவன், ஆனால்—

இதை வேறு யாராவது சொன்னால்தான் மரியாதை.

மூன்றாவது: அவன் கையேடு எழுதுகிறவன். துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, பிரிக்காமலே இழுப்பறையில் போட்டுவிடுவோமே, அதை எழுதுவதுதான் அவன் பிழைப்பு.

இது நிற்கட்டும்.

2

அவனுக்கு ஓர் அக்கா. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து காலையில் அக்கா முறை, மாலையில் அவன் முறை. இருவரும் நேரில் பார்த்துக்கொள்வதே அபூர்வம். அதனால் வீட்டு விஷயங்களுக்கென்று அவன் இணையத்தில், விக்கிப்பீடியா மாதிரி, ஒரு விக்கி அமைத்தான். இரண்டு பேர் மட்டும் படிக்கும், இரண்டு பேர் மட்டும் திருத்தும் விக்கி. குழாய் ரிப்பேர்காரர் நம்பர் முதல் அப்பாவின் சட்டை அளவு வரை எல்லாம் அதில் உண்டு. முதல் பக்கம் ‘அப்பா - மருந்து’.

அக்கா பிரௌசரில் திறப்பாள், பெட்டிக்குள் நேராகத் தட்டுவாள், மூடுவாள். அவனுக்கு அது ஆகாது. அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியில் எழுதுவது, அடுத்தவர் சமையலறையில் கத்தி தேடுவது மாதிரி. எழுத்து என்றால் கணினியில் அவன் வைத்திருக்கும் எடிட்டர் மென்பொருள்தான்: கறுப்புத் திரை, பதினைந்து வருடமாகக் கைக்குப் பழகிய குறுக்குவழிகள். ஒரு பொத்தானை அழுத்தினால் விக்கிப் பக்கம் அந்த எடிட்டரில் திறக்கும். அங்கே சேமித்தால் விக்கிக்குப் போய்ச் சேரும்.

(ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். எடிட்டரில் திறந்திருப்பது நகல்தான். இடையில் அசல் மாறினால் நகலுக்குத் தெரியாது.)

3

இந்தப் பகுதியைப் பதினோரு முறை எழுதிவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்தில், அவன் அந்தப் பக்கத்தைத் திறந்தான். மருந்து அட்டவணையின் கோடுகள் கோணலாக இருந்தன. அதை நேராக்கத்தான், வேறொன்றுக்கும் இல்லை. பாதியில் வேறு வேலை வந்தது. பக்கம் திறந்தே கிடந்தது.

பதினொன்று நாற்பதுக்கு, டாக்டரிடமிருந்து திரும்பிய அக்கா கடையிலிருந்தபடி ஒரு வரி சேர்த்தாள்: ‘வெள்ளை மாத்திரை இனி வேண்டாம். டாக்டர் நிறுத்திட்டார்.’

மூன்று ஐம்பத்திரண்டுக்கு அவன் கடைசிக் கோட்டையும் நேராக்கிச் சேமித்தான். விக்கி கேட்டது: நீங்கள் திறந்த பிறகு இந்தப் பக்கம் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தை அழித்து, அதன் மேலேயே எழுதவா?

ஆம் என்று அழுத்தினான். படிக்கவில்லை.

எச்சரிக்கை எழுதியே சாப்பிடுகிற ஒருவன் எச்சரிக்கையைப் படிக்காமல் அழுத்துவானா? பாத்திரம் இங்கே ஒட்டவில்லை என்று எனக்கே தோன்றுகிறது. ஆனால் அதை யாரும் படிப்பதில்லை என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்?

அன்று மாலை வெள்ளை மாத்திரை கொடுத்தான். மறுநாளும் கொடுத்தான். அதற்கு மறுநாள் கொடுத்த பிறகு அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார், தலை சுற்றிக் குளியலறை வாசலில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ரத்த அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்றார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா சொன்னாள்: “எழுதின மாதிரிதான்டா ஞாபகம். சேவ் பண்ணாமலே மூடிட்டேன் போல. கடையில ஆள் வந்துட்டாங்க, அந்த அவசரத்துல...”

விக்கி எதையும் மறக்காது. பக்கத்தின் வரலாற்றில் அவள் சேமித்த நேரம், அவன் சேமித்த நேரம் இரண்டும் இருந்தன. ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் போனில் அதைப் பார்த்திருந்தான்.

“விடுக்கா,” என்றான்.

இதைவிட நல்ல வசனம் ஒன்றை அவன் வாயில் வைக்க எவ்வளவோ முயன்றேன். அவன் சொன்னது அதுதான்.

எட்டு மாதம் ஆகிறது. அப்பா நடைச்சட்டம் பிடித்து நடக்கிறார். அக்காதான் நடக்கவில்லை என்று எழுதினால் மிகையாக இருக்கும், எனவே நடந்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு கண்ணாடியின் பவரையும் மூன்று முறை சரிபார்க்கிறாள். கண் பரிசோதனையைக் கடையில் வேலை செய்யும் பெண்ணிடம் விட்டுவிட்டாள். “என்னை நம்பி யாரும் எதுவும் குடுக்காதீங்க,” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

(‘என்னால்’ என்று விழுந்துவிட்டது. அழிக்கவில்லை. அவன், அவன் என்று எழுதி அலுத்துவிட்டது. நான்தான்.)

4

முடிவுகள்:

அ. சொல்கிறேன். அக்கா அழுது, மன்னித்து— அக்காவைத் தெரியாதவன் எழுதியது.

ஆ. பக்கத்தின் வரலாற்றை அவளே ஒருநாள் திறந்து— இதில் வேலை முழுக்க அவள் தலையில்.

இ. சொல்லவே இல்லை. எல்லாம் காலப்போக்கில்— எட்டு மாதமாக இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

5

ஞாயிறு பகல். மேலே உள்ளதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா வந்து நின்றாள்.

“என்னடா, லீவு நாள்லயும் கறுப்புத் திரை?”

“கதைக்கா.”

“நீயா? என்ன கதை?”

லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“கண்ணாடி விக்கிறவ கண்ணாடிய மறந்துட்டு வந்திருக்கேன் பாரு. நீயே படிச்சுக் காட்டு. இரு, அப்பாவுக்குத் தண்ணி குடுத்துட்டு வரேன்.”

அந்த இடைவெளியில்தான் இதைத் தட்டுகிறேன். முதல் பகுதிக்குச் சிரிப்பாள். சமையலறைக் கத்தி உவமைக்கு என் முதுகில் ஒன்று வைப்பாள். மூன்றாம் பகுதியில் நான் ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். அவளுக்குத் தெரியாது. ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தாலும், தான்தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

அக்கா வந்துவிட்டாள். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ம், படி.”