தொட்டிக்கு வைத்த விருந்து

பாரிவாக்கத்துத் திருவேங்கடத்துக்கு யாரையும் அரை வயிற்றோடு விடப் பிடிக்காது. மனுஷன், மாடு என்ற பேதமெல்லாம் அவரிடம் கிடையாது. அப்படிப்பட்டவர் கையில் சாணியிலிருந்து அடுப்புக்கு கேஸ் எடுக்கும் ஒரு கோபர் கேஸ் தொட்டி மாட்டினால் என்ன ஆகும்? பாவம், அந்தத் தொட்டி!

தொட்டி வந்ததே ஃபிளாட்டால்தான். மாட்டுக் கொட்டகையை ஒட்டிப் புதிதாக எழும்பிய ஃபிளாட்டின் சங்கச் செயலாளர் கோகுல்நாத் நேரிலேயே வந்து சொல்லிவிட்டார்.

"தீபாவளிக்குள்ள இந்தச் சாணி நாத்தம் நிக்கணும்ணே. இல்லேன்னா மாட்டை வேற எங்கயாவது கட்டிக்குங்க."

வேறு இடம் ஏது? விற்கத்தான் வேண்டும். நாலு மாட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. நிஜமாகவே பயந்துபோனார்.

வரதன் என்பவன் வந்து மூடிய தொட்டி கட்டிக் கொடுத்தான். சாணி அதற்குள் போனதும் நாற்றம் அடங்கியது. ஆனால் வந்த கேஸ் ஒரு டீ கொதிக்கக்கூடப் போதவில்லை. திருவேங்கடம் வேலை பார்ப்பது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மிட்டாய்க் கம்பெனியில். அங்கே வீணாகப் போகும் பாகுத் தண்ணீரைத் தினமும் ஒரு சொம்பு, ஒரே ஒரு சொம்பு, சாணியோடு சேர்க்கச் சொன்னான் வரதன். சேர்த்தார். சில நாளில் தீ நீலமாகச் சீறியது. அவர் மனைவி மங்களம் இட்லி அவித்தாள், சாம்பார் வைத்தாள், அதற்கப்புறமும் கேஸ் மிச்சமிருந்தது.

வந்தது ஆயுதபூஜை. கம்பெனி மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு வந்தவர் தொட்டியைப் பார்த்தார். அதுவும் உழைக்கிற ஜீவன்தானே? சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார். அத்தோடு விட்டாரா? ஒரு கேன் பாகை அப்படியே உள்ளே கவிழ்த்தார்.

"இன்னாய்யா, என் பொறந்தநாளுக்கு ஒரு லட்டு வாங்கியாந்தது இல்ல, தொட்டிக்குக் கேனோட ஊத்துற!" என்றாள் மங்களம்.

"பாவம், உழைக்குது மங்களம்."

"அப்ப நான் இன்னா, சும்மா குந்திகினு கீறேனா?"

மறுநாள் தொட்டிக்கு மூடியாகக் கவிழ்த்திருந்த கேஸ் டிரம் உயர எழும்பி நின்றது. இவருக்குப் பெருமை பிடிபடவில்லை. தீக்குச்சியைக் காட்டினால் அடுப்பு பற்றவில்லை, குச்சிதான் அணைந்தது. கூடவே ஒரு புளித்த நாற்றம் கிளம்பி நேரே மூன்றாவது மாடிக்குப் போனது. அங்கே கோகுல்நாத் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் திருவேங்கடம் வரதனைக் கூப்பிட ஓடினார்.

வரதன் வந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"அஜீரணம், அண்ணாத்தே! ஒரே நாள்ல இவ்ளோ இனிப்பு துன்னா யாருக்குதான் புளிக்காது? உள்ள கேஸ் உண்டாக்குற கிருமிங்க பாதி செத்துருக்கும். சுண்ணாம்பு கரைச்சு ஊத்து. நான் சொல்றவரைக்கும் பட்டினி போடு."

பட்டினியா! தன் கையாலா! சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிட்டுத் திருவேங்கடம் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மங்களம் பாகு கொண்டுவரும் கேனை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். புளிப்பு அடங்கியபின் வரதன் சொன்னபடி சாணி மட்டும், கொஞ்சங்கொஞ்சமாகப் போனது.

தீபாவளிக்கு முந்தின நாள் கோகுல்நாத் வந்தார். மூக்கை நன்றாக உறிஞ்சிப் பார்த்தார். மங்களம் அடுப்பில் குச்சியைக் காட்டினாள், பக்கென்று பற்றியது. டீயும் ஒரு தட்டு அதிரசமும் வந்தன. மனிதர் டீயை ஊதி ஊதிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"மாடு இங்கயே இருக்கட்டும்ணே," என்றார் கடைசியில்.

திருவேங்கடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. விடுவிடுவென்று கொட்டகைக்கு நடந்தார்.

"போ, போய் அதுங்ககிட்ட சொல்லு!" பின்னாலிருந்து மங்களம் கத்தினாள். "ஆனா அந்த அதிரசத் தட்டை இங்க வெச்சிட்டுப் போய்யா!"