அரைச் சுற்று

“இது உன் கையெழுத்துதானா?”

விமான எஞ்சின்களின் புகை அளவைக் கண்காணிக்க அரசாங்கத்திலிருந்து வந்த அதிகாரி அம்மாள் ஒரு செவ்வாய்க்கிழமை என்னிடம் இப்படிக் கேட்டார். சோதனைக் கோப்பில் அவர் விரல் வைத்த கட்டத்தில் என் கையெழுத்துதான் இருந்தது. கோழி கிளறிய மாதிரி இருக்கும். வேறு யாருடையது என்றும் சொல்ல முடியாது. தலையை ஆட்டினேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வியாழக்கிழமை என் கண் முன்னாடி ஒரு எஞ்சினை ஓட்டிக் காட்டுங்க” என்று அத்தானிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தான் என் அக்காவின் கணவர். பழுது பார்த்து முடித்த எஞ்சின்களை ஓட்டிப் பார்க்கும் கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்ட என்னை எட்டு மாதத்துக்கு முன் அங்கே சேர்த்துவிட்டார். வேலை எளிது. எஞ்சின் ஓடும்போது பின்னால் வரும் புகையில் கொஞ்சத்தை ஒரு மெல்லிய குழாய் உறிஞ்சி, சுவரைத் தாண்டி எங்கள் அறைக்குக் கொண்டுவரும். குழாய் முடிகிற இடத்தில் வட்டமான வெள்ளைத் தாள் ஒன்றை நான் பொருத்துவேன். புகை தாளைத் தாண்டிப் போய்விடும், கரி மட்டும் தாளில் தங்கும். எவ்வளவு கறுத்திருக்கிறது என்று ஒரு கருவி எண்ணாகச் சொல்லும். இருபத்தைந்தைத் தாண்டினால் அந்த எஞ்சின் பறக்கக் கூடாது.

அதற்கு முன்னால் கசிவு பார்க்க வேண்டும். குழாயின் வாயை அடைத்துவிட்டு, புகையை உறிஞ்சும் பம்பை ஓட்டினால் அளவுமானியின் முள் அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் எங்கோ ஓர் ஓட்டை வழியாக நல்ல காற்று உள்ளே வந்து புகையோடு கலக்கிறது என்று பொருள். அப்புறம் தாள் எவ்வளவு வெளுப்பாக வந்தாலும் அது பொய். முள்ளைப் பார்த்துவிட்டு ‘கசிவு இல்லை’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் வாரமே முள் அசைந்தது.

“அத்தான், நகருது.”

“நகரும். கிழட்டுக் குழாய், அதுக்கும் மூச்சு வாங்கும்ல. சரின்னு போடு.”

போட்டேன். எட்டு மாதமும் போட்டேன்.

எங்களோடு வேலை செய்த, எரிபொருள் பார்க்கிற அண்ணன் ஒருவர் ஒரு தடவை அத்தானைச் சீண்டினார். “ஊமை ஊரைக் கெடுக்கும்னு சொல்வாங்க. மச்சினிச்சியை நம்பி உக்கார வச்சிருக்கீங்க, பார்த்துக்கோங்க.”

“இவளா? இவ வாயைத் திறக்கறதுக்குள்ள எஞ்சின் பறந்து போய்த் திரும்பியே வந்துடும்” என்று அத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதிகாரி அம்மாள் கேட்டுவிட்டுப் போன அன்று மதியம், எல்லோரும் சாப்பிடப் போனபின் பழைய கோப்புகளை இறக்கினேன். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவரின் எழுத்து முத்து முத்தாக இருந்தது. ‘கசிவு உள்ளது’ என்று ஐந்து முறை எழுதியிருந்தார். ஐந்தாவதுக்குப் பிறகு அவர் எழுத்தே இல்லை. அடுத்த பக்கத்திலிருந்து நான். அவர் காலத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் மேற்பார்வைக் கட்டத்தில் அத்தானின் கையெழுத்து இருந்தது. நான் வந்த நாளிலிருந்து அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது. எஞ்சினுக்கு ஒன்றாக முப்பத்திரண்டு பக்கங்கள். எல்லாவற்றிலும் என் பெயர் மட்டும்.

எங்கள் குடியிருப்பு ஓடுபாதை முடிகிற இடத்தில் இருக்கிறது. அன்று மாலை நான் போனபோது நிறைமாத வயிற்றோடு அக்கா கரி படிந்த ஜன்னல் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு முன்னாடி அங்க இருந்தவர் எங்க போனாருக்கா?”

அக்கா துணியை வாளியில் பிழிந்தாள். தண்ணீர் மை மாதிரி இறங்கியது.

“உனக்கெதுக்குடி அது? அத்தான் சொன்னதைச் செய். அவர் வேலை போச்சுன்னா இந்த வீடும் போச்சு. இந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?”

வியாழக்கிழமை காலை அத்தான் என்னைச் சுவருக்குப் பின்னால் இருக்கும் இடுக்குக்குக் கூட்டிப் போனார். ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நுழையலாம். முழங்கால் உயரத்தில் குழாயின் இணைப்பு ஒன்று இருந்தது. என் கையில் ஸ்பேனரைக் கொடுத்தார்.

“இப்ப இறுக்கியிருக்கேன். கசிவு சோதனையை அந்தம்மா பார்க்கட்டும், முள் அசையாது. அப்புறம் புதுத் தாள் எடுக்கணும்னு சொல்லிட்டு இங்க வா. அரைச் சுத்து தளர்த்து. அவ்வளவுதான்.”

“கண்டுபிடிச்சுட்டா?”

“கையெழுத்து உன்னோடது. சின்னப் பொண்ணு, தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லு. உன்னைத் தூக்குலயா போடப் போறாங்க?” உப்பை எடுத்துத் தரச் சொல்வது போலச் சொன்னார். பிறகு என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அவர் சொன்னபடியே முள் அசையவில்லை. அதிகாரி அம்மாள் குறித்துக்கொண்டார். கண்ணாடிக்கு அப்பால் எஞ்சின் வேகம் பிடித்தது. நான் தாள் எடுக்கப் போனேன்.

இடுக்கில் சுவர் அதிர்ந்தது. பல்லெல்லாம் கூசியது. ஸ்பேனரை இணைப்பில் மாட்டினேன். அக்காவின் வயிறு கண்ணுக்கு முன் வந்தது. அந்த வாளித் தண்ணீரும் வந்தது. ஐந்து முறை எழுதிவிட்டுக் காணாமல் போன முத்து முத்தான எழுத்தும் வந்தது. எவ்வளவு நேரம் குனிந்திருந்தேனோ, ஸ்பேனரைத் திருப்பாமலே கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

தாளைப் பொருத்தினேன். நேரம் முடிந்து இடுக்கியால் எடுத்தபோது அது அடிப்பிடித்த சட்டி மாதிரி இருந்தது. கருவி நாற்பத்தொன்று என்றது.

அதிகாரி அம்மாள் கோப்பிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். “போன மாசம் இதே வகை எஞ்சின். பதினாறு. இன்னிக்கு எப்படி நாப்பத்தொண்ணு?”

அத்தான் என்னைப் பார்க்கவே இல்லை. “கசிவு பார்க்கறது இவதான் மேடம். வீட்டுப் பொண்ணாச்சேன்னு நானும் நம்பிட்டேன்.”

நான் ஸ்பேனரை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“சுவருக்குப் பின்னாடி ஒரு இணைப்பு இருக்கு. எட்டு மாசமா அது தளர்ந்தே இருந்தது. இன்னிக்கும் தளர்த்தச் சொன்னாரு. நான் தளர்த்தலை.”

அந்த அறையில் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

“இது வரைக்கும் எத்தனை எஞ்சின் போயிருக்கு?”

“முப்பத்திரண்டு.”

“அதெல்லாம் இப்ப எங்க?”

நான் கூரையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

அத்தான் காதுமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பழந்துணியில் விரல் விரலாகக் கையைத் துடைத்தார். கதவைச் சாத்தாமல் வெளியே போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். அலுவலகம் இருக்கும் பக்கம் அவர் திரும்பவில்லை. அக்கா தனியாக இருக்கும் குடியிருப்பை நோக்கி அவசரமே இல்லாமல் நடந்து போனார்.