மடிப்புக்குள் போக வேண்டிய பெஞ்சு

புகைப்படக்காரர்கள் எல்லாரும் புத்தகம் வடிவமைக்கும் அவளிடம் கெஞ்சுவது ஒன்றுதான்: முக்கியமான எதுவும் புத்தகத்தின் நடு மடிப்பில் சிக்கிவிடக் கூடாது. அவளுடைய அண்ணனோ, தன் படத்தில் ஓர் இடத்தை மடிப்புக்குள் தள்ளச் சொல்லி மூன்று முறை போன் செய்துவிட்டான். அப்போதே அவளுக்குப் பொறி தட்டியது.

புத்தகம் கண்காட்சிக் கூடத்துக்கானது. விரித்தால் இரண்டு மீட்டர். ஒரு பக்கத்தைப் புரட்டவே இரண்டு பேர் வேண்டும். படங்கள் அண்ணனுடையவை, வடிவமைப்பு அவளுடையது. கடைசிக்கு முந்தைய இரட்டைப் பக்கத்தில் ஆற்றங்கரைப் பூங்கா. போன செவ்வாய்க்கிழமை எடுத்த எட்டுப் படங்களை ஒட்டி நீட்டிய ஒரே காட்சி. மூன்றாவது விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் மடிப்பு விழுந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்றான் அண்ணன். பார்க்க விடாமல் செய்துவிட்டு என்ன பார்க்க நன்றாக இருக்கும்?

அவள் அந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கினாள். ஒரு பெஞ்சு. அதில் அவளுடைய கணவன், வாய்விட்டுச் சிரித்தபடி. அதே செவ்வாய்க்கிழமை ஆபீஸில் தலைக்கு மேல் வேலை என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன். பக்கத்தில் இருந்த ஆளைப் படங்கள் ஒட்டிய இடம் விழுங்கியிருந்தது. மிச்சம் பாதிக் குடை. அதுவும் பூப்போட்ட குடை.

அவளிடம் அவன் இப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று? சொந்த அண்ணனே இதற்கு உடந்தை என்பதைத்தான் தாங்கவே முடியவில்லை. சாயங்காலம் கணவனிடம், செவ்வாய்க்கிழமை நல்ல வெயிலாமே என்று பேச்சுவாக்கில் கேட்டாள். ஆபீஸை விட்டு வெளியிலேயே வரவில்லை என்றான் அவன், செருப்பைக் கழற்றிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் அண்ணன் அனுப்பிய கோப்புகளைக் குடைந்தாள். மடிப்பு மடிப்பு என்று உயிரை வாங்கியவன், ஒட்டாத எட்டுப் படங்களையும் கூடவே அனுப்பியிருந்ததை மறந்துவிட்டான். நான்காவதைத் திறந்தாள்.

குடைக்கு அடியில் அப்பா.

அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதால், அவள் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று ஆறு வருஷமாக முறுக்கிக்கொண்டிருக்கும் அதே அப்பா. அண்ணியின் பூப்போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை என்று வாயால்கூட அழைத்திராத அவள் கணவனின் தோளில் கை போட்டிருந்தார்.

இன்னொரு பெண் இல்லை என்ற நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. எல்லாரும் ராசியாகிவிட்டார்கள். வேண்டாதவள் அவள் ஒருத்திதான். கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள்.

அழுது முடித்து, நான்காவது படத்தை முழுசாக வைத்து ஒட்டினாள். மடிப்பை ஆற்றுத் தண்ணீருக்கு நகர்த்தினாள். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டு, பெஞ்சு முழுசாக வருகிறது என்றாள்.

அண்ணன் அதற்குமேல் மழுப்பவில்லை. "அப்பாதான் உனக்குத் தெரிய வேணாம்னாரு. இறங்கி வந்துட்டாருன்னு நீ நினைச்சிருவியாம்."

"கண்காட்சி திறப்பு அன்னைக்கு அவரைக் கூட்டிட்டு வா," என்றாள் அவள். "பெஞ்சு வர்ற பக்கம் வரைக்கும் புரட்டணும். அதுக்கு ரெண்டு பேர் வேணும். ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கிறேன்."