திருப்பி வைக்காதவன்

சின்னவனின் காதுகுத்தில் விழுந்த மொய்ப்பணம் அத்தனையும் மூத்தவள் கவிப்ரியாவின் நர்சிங் படிப்புக்கு என்று பூங்கோதை ஒதுக்கி வைத்திருந்தாள். கல்லூரி ராமநாதபுரத்தில். ஹாஸ்டலுக்குப் பாயும் பக்கெட்டும்கூட வாங்கியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் புருசன் காளிராஜின் செல்போனுக்கு அந்த வீடியோ வந்து தொலைந்தது. யாரோ ஒரு வெளிநாட்டுக் கோடீசுவரன் கிரிப்டோ காயினை வாரி வழங்குகிறானாம். நாம் அனுப்புவது இரண்டு மடங்காகத் திரும்பி வருமாம். கீழே, தங்களுக்கு வந்துவிட்டது என்று வரிசையாகப் பேர் பேராகச் சாட்சி வேறு.

காளிராஜ் தயங்கினான். "நமக்கு எதுக்கு புள்ள இதெல்லாம்?"

தள்ளிவிட்டது பூங்கோதைதான். "மொய்யும் இப்படித்தானங்க. நாம வச்சது என்னைக்காச்சும் வராமப் போயிருக்கா? கூட்டித்தான வச்சிருக்காக."

அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? அவள் கண்ட உலகம் அது. மழை பொய்த்து மிளகாய் கருகிய வருசத்திலும் சொந்தக்காரர்கள் நகையை அடகு வைத்தாவது மொய்யைத் திருப்பினார்கள். திருப்பாதவன் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. ஊரே இல்லாதவனுக்கு அந்தக் கவலை ஏது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

காயினாக மாற்றி அனுப்பினார்கள். போனது போனதுதான். சைபர் கிரைம் போலீஸ்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சும்மா குடுக்குறவன் முதல்ல உங்ககிட்ட எதுக்கும்மா கேக்குறான்?"

நர்சிங் சீட்டு வேறு யாருக்கோ போனது.

மாசியில் மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்தபோது ஒரு போன் வந்தது. ஏமாந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், சர்வீஸ் சார்ஜ் மட்டும் முன்னால் அனுப்புங்கள் என்று ஒருவன் தேனாகப் பேசினான்.

"ஏலே, உன் வீட்டு விசேசம் எங்கன நடக்குது? பத்திரிக்கை அனுப்பு. நேர்ல வந்து வைக்கிறேன்" என்றாள் பூங்கோதை. அவன் போனை வைத்துவிட்டான்.

பக்கத்துப் பாத்தியில் பறித்துக்கொண்டிருந்த கவிப்ரியா நிமிரவில்லை. "இதை அன்னைக்கே கேட்டிருக்கலாம்லம்மா" என்றாள்.

பூங்கோதை அடுத்த செடிக்கு நகர்ந்தாள். வீட்டில் பங்குனி முகூர்த்தப் பத்திரிக்கைகள் வந்து கிடந்தன. காதுகுத்துக்கு வைத்தவர்கள் எல்லோரும் அழைத்திருந்தார்கள். அவர்களுக்குக் கூட்டித்தான் வைக்க வேண்டும்.