தூக்குவாளித் தண்ணீர்

ஹோபர்ட் மன்சி ஒரு வருஷமாக மைத்துனனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்காக வீட்டுக்கே வராதே என்று சொல்லிவிடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் டென்சில் எஸ்டெப் எப்போதும்போல அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான். அவித்த பீன்ஸும் சோள ரொட்டியும் மேஜைக்கு வரும். ஹோபர்ட் மனைவியைப் பார்த்து, "ஐலீன், அந்த யானைக்காரர்கிட்ட உப்பைத் தள்ளச் சொல்லு" என்பார். டென்சில் அவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருப்பான். உப்பைத் தள்ளுவான். "நன்றின்னு சொல்லிடு" என்பதும் ஐலீன் வழியாகவே போகும்.

"எனக்குத் தபால்காரி சம்பளம் யார் தர்றது?" என்பாள் ஐலீன். இரண்டு பேரும் சிரிக்க மாட்டார்கள்.

எல்லாம் அந்த ஓட்டெடுப்பால் வந்தது. மேற்கு வர்ஜீனியாவின் அந்த மலையிடுக்கில் இருந்த ஒரே நிலக்கரிச் சுரங்கத்தின் தொழிற்சங்கத்துக்கு டென்சில் தலைவன். அவனுக்கு முன்னால் ஹோபர்ட் தலைவர். சங்கம் என்றால் கழுதைச் சின்னக் கட்சிக்குத்தான் ஓட்டு என்பது அவர்கள் தாத்தா காலத்திலிருந்தே யாரும் கேள்வி கேட்காத விஷயம். சங்கக் கட்டடத்தில், காப்பிப் பாத்திரத்துக்கு மேலே, அந்தக் கட்சியின் பழைய ஜனாதிபதி ஒருவர் கண்ணாடிச் சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். அதை அங்கே மாட்டியது ஹோபர்ட்டின் அப்பா.

டென்சிலுக்கு எதிர்க்கட்சியின் யானைச் சின்னத்தின்மேல் ஒன்றும் காதல் இல்லை. ஆனால் கழுதைக்காரர்கள் தேர்தலுக்குத் தேர்தல் விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புதுத் தொப்பியோடு வந்து, நாலு படம் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு அலுத்துவிட்டது. கடைசியாக வந்தவர், நிலக்கரியின் காலம் முடிந்துவிட்டது, எல்லோரும் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளுங்கள் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். விரல்கள் பாதி போன கையை உயர்த்தி, "இதை வச்சு எதைத் தட்டணும்னு சொல்லிட்டுப் போங்கய்யா" என்று ஒருவன் கேட்டான். பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை.

அதனால் போன தேர்தலுக்கு, எந்தச் சின்னத்தை ஆதரிப்பது என்பதை டென்சில் சங்கத்தில் ஓட்டுக்கு விட்டான். கைகள் யானைக்கு உயர்ந்தன. ஏறக்குறைய எல்லாக் கைகளும். படத்தை அவனே கழற்றி, உடைந்த நாற்காலிகள் கிடந்த அலமாரிக்குள் வைத்தான். ஹோபர்ட் இருமிக்கொண்டே எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியேறினார். ஓடிப் போய்க் கதவைத் திறந்துவிட்டார்கள், அத்தனை மரியாதை அவருக்கு. ஆனால் நிறுத்தத்தான் ஒருவரும் இல்லை.

இந்த வருஷம் இலையுதிர் காலத்தில் கழுதையும் யானையும் வாஷிங்டனில் பட்ஜெட்டுக்காகக் கட்டிப் புரண்டதில் செலவுக்குப் பணமில்லாமல் அரசாங்க அலுவலகங்களே இழுத்து மூடப்பட்டன. எத்தனையோ வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த ஹோபர்ட்டின் நஷ்டஈட்டு வழக்குக்கு அப்போதுதான் நீதிபதி தேதி கொடுத்திருந்தார். சுரங்கத் தூசி அவருடைய நுரையீரலைக் கருப்பாக்கி, மூக்கில் குழாயைச் செருகி, வராந்தாவில் உட்கார வைத்திருந்தது. கம்பெனியோ அது சிகரெட்டால் வந்தது என்றது. அவர் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. அதை ஒரு நீதிபதியின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும், தனக்குப் பின்னால் ஐலீன் யார் வாசலிலும் நிற்கக் கூடாது, இவ்வளவுதான் அவர் ஆசை. தொலைபேசியில் வந்தது பதிவு செய்யப்பட்ட ஒரு குரல்: அலுவலகம் மூடப்பட்டிருக்கிறது, விசாரணைகள் தள்ளிவைக்கப்படுகின்றன. எப்போதைக்கு என்று அந்தக் குரலுக்கும் தெரியவில்லை. டாக்டரோ குளிர்காலத்தைத் தாண்டுவதே கஷ்டம் என்று ஐலீனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹோபர்ட் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மாப்ளே."

டென்சிலின் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. காப்பிக்குக் கடைத் தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டிருந்த ஐலீனும் திரும்பினாள். குழாயில் செம்மண் நிறத்தில்தான் தண்ணீர் வந்தது. கொதிக்க வைத்துக் குடிக்கவும் என்று ஊராட்சி கதவில் ஒட்டிய அறிவிப்பு வெயிலில் வெளுத்தே போய்விட்டது.

"சொல்லுங்க மாமா."

"நாளைக்குக் காலையில சுரங்க வாசல்ல தண்ணியை ஊத்து."

மேற்கு வர்ஜீனியாவின் இந்த மலைகளில் திடீர் வேலைநிறுத்தத்துக்கு நோட்டீஸும் கோஷமும் கிடையாது. உள்ளே போகும் வண்டிக்காகக் காத்து நிற்கும்போது ஒருத்தன் தன் தூக்குவாளியைத் திறப்பான். மேல்தட்டில் சாப்பாடு, அடித்தட்டில் தண்ணீர். அந்தத் தண்ணீரை மண்ணில் கவிழ்த்துவிடுவான். தண்ணீரில்லாமல் எவனும் பூமிக்கடியில் வேலை செய்ய முடியாது. பக்கத்தில் நிற்பவன் ஏன் என்று கேட்க மாட்டான். கேட்பது கேவலம். தன் வாளியையும் கவிழ்ப்பான், பிறகு அடுத்தவன். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருப்பார்கள். நுரையீரல் நோய்க்கு நஷ்டஈடு தரும் சட்டமே அப்படித்தான் வந்தது. ஒரு வாசலில் கொட்டிய தண்ணீர் மாநிலம் முழுக்கப் பரவியது. அன்றைக்கு ஊற்றியவர்களில் ஹோபர்ட்டின் அப்பாவும் ஒருவர்.

"ஒப்பந்தத்துல அப்படிப் பண்ணக் கூடாதுன்னு இருக்கே மாமா."

"எங்கப்பா ஊத்துனப்பவும் அதுதான் இருந்துச்சு."

"பசங்கல்லாம் யானைக்கு ஓட்டுப் போட்டவங்க. இப்பப் போய் அவங்க ஆட்சிய எதிர்த்தே..."

"நான் காலமெல்லாம் கழுதைக்குப் போட்டேன், உதைச்சுது. நீங்க யானைக்குப் போட்டீங்க, மிதிச்சுது. இப்ப ரெண்டும் சேர்ந்து ஆபீசைப் பூட்டிட்டு வாசல்ல சாணி போட்டுக்கிட்டு நிக்குது. நான் என்ன ஓட்டா கேக்கறேன்? பூட்டைத் திறங்கடான்னு சொல்றேன்." இருமல் அவரைப் பிடித்து உலுக்கியது. ஐலீன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மூச்சு வந்ததும் அவரே தொடர்ந்தார். "பசங்களைப் பத்தி எனக்குத் தெரியும்டா. எந்தச் சின்னத்துக்கு வேணா குத்தட்டும். ஊத்துறதைப் பாத்தா வந்துருவாங்க. நீ மட்டும் ஊத்து. நான் வராந்தாவுல உக்காந்து ரோட்டைப் பாத்துக்கிட்டிருக்கேன். வண்டியெல்லாம் திரும்பி வர்றதைப் பாத்துட்டேன்னா போதும்."

"சரி மாமா" என்றான் டென்சில். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் வாயால் மாப்ளே என்று கேட்டிருக்கிறான். வேறு எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பான்.

மறுநாள் காலையில் அவன் தூக்குவாளியைச் சமையலறைக் குழாயடியில் பிடித்தான். மண்ணில் கொட்டப் போகும் தண்ணீருக்கு எதற்குக் காசு கொடுத்து வாங்கிய பாட்டில்? வழக்கமான செம்மண் நிறத்தில் வாளி நிறைந்தது.

சுரங்க வாசலில் பனிமூட்டம். ஆட்கள் தோளில் துணிப்பையும் பிளாஸ்டிக் பாட்டிலுமாக நின்றிருந்தார்கள். அலுமினிய வாளி இன்னும் தூக்குகிறவன் டென்சில் ஒருத்தன்தான். எல்லோருக்கும் தெரிகிற இடமாகப் பார்த்துப் போய் நின்றான். சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் பலகைமேல் வைத்தான். வாளியைக் கவிழ்த்தான். தண்ணீர் சரளைக்கல்லில் விழுந்து ஓடியது.

பேச்சு நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். டென்சில் காலி வாளியோடு நின்றான்.

முதலில் அசைந்தவன் ட்ராவிஸ். இரண்டு குழந்தைக்காரன், சுரங்கக் கூரை இடியாமல் ஆணி அடிக்கும் வேலையில் கெட்டிக்காரன். தோளிலிருந்த பையை இறக்கித் திறந்தான். டென்சிலுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா சொன்னது சரிதான் என்று நினைத்தான்.

"என்னண்ணே, போயும் போயும் குழாய்த் தண்ணியவா பிடிச்சுட்டு வந்தீங்க?" என்றான் ட்ராவிஸ். "நல்லவேளை, கொட்டுனீங்க. அதைக் குடிச்சா உள்ளேயே பேதி பிடுங்கிக்கும். இந்தாங்க, என்கிட்ட ரெண்டு பாட்டில் இருக்கு."

டென்சில் தடுப்பதற்குள் வாளியில் தண்ணீர் விழுந்தது. "சங்கத் தலைவருக்கே தண்ணி இல்லையாம், நாடு எங்க உருப்படப் போகுது" என்று யாரோ கிண்டலடிக்க, எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இன்னொருத்தன் தன் பாட்டிலில் பாதியைச் சாய்த்தான். இன்னொருத்தன் மிச்சத்தை நிரப்பினான்.

"ஹோபர்ட் கேசைத் தள்ளி வச்சுட்டாங்கடா" என்றான் டென்சில்.

"கேள்விப்பட்டோம்ணே. அநியாயம்" என்றான் ட்ராவிஸ். "நேத்து சர்ச்சுல அவருக்காக ஜெபம் பண்ணோம். புதன்கிழமை என் வீட்டுக்காரி சாப்பாடு செஞ்சு கொடுத்தனுப்புறேன்னு சொல்லியிருக்கா."

ஒருத்தன்கூடக் கெட்டவன் இல்லை. ஊற்றியதன் அர்த்தம் ஒருத்தனுக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள், இல்லையென்றால் மண்ணுக்குள் போய்விட்டார்கள். அதை அடுத்தவனுக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தலைவனாக இருந்த டென்சிலுக்கும் தோன்றவில்லை. இப்போதாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் விளக்கம் சொல்லி ஊற்றும் தண்ணீரை அவன் கண்டதில்லை. கொஞ்சம் பயமும் இருந்தது, அதையும் மறைப்பானேன். விளக்கிச் சொன்ன பிறகும் இவர்கள் ஊற்றாமல் நின்றால்? வண்டி வந்தது. அவன் ஏறி உட்கார்ந்தான். மடியில் வாளி கனத்தது.

அன்று முழுக்க அவன் அதிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டின் முன் வண்டியை நிறுத்தினான். ஹோபர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மழமழவென்று முகச்சவரம் செய்து, சங்கத்துக் காட்டுப்பச்சைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். ஆக்சிஜன் குழாய் அதற்குமேல் ஒழுங்காகக் கிடந்தது. வராந்தா மேசையில் சர்ச்சிலிருந்து இரவல் வாங்கி வந்த பெரிய காப்பிப் பாத்திரமும் அடுக்கடுக்காகக் காகிதக் குவளைகளும் இருந்தன. வருகிற பையன்களுக்குக் கொடுக்க.

"காலையிலேருந்து எழுந்திரிக்க மாட்டேங்கறாருடா" என்றாள் ஐலீன் மெதுவாக. "சாப்பிடக்கூட உள்ள வரல."

"ஒரு வண்டிகூடத் திரும்பல மாப்ளே" என்றார் ஹோபர்ட்.

டென்சில் வாளியோடு படியேறினான்.

"வாளியக் குடு."

கொடுத்தான். சுரங்கத்தில் தேய்ந்த கைக்கு எடை தெரியாதா? தூக்கியதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் தட்டை எடுத்துப் பார்த்தார். விளிம்புவரை தண்ணீர். அது தளும்பிச் சட்டையில் சிந்தியது.

"நீ ஊத்தவே இல்ல."

ஊற்றினேன் என்று சொல்லத்தான் டென்சில் வாயெடுத்தான். சொல்லிவிட்டால் தன்மேல் பழி இல்லை. ஒரு வருஷம் கழித்துக் கிடைத்த மாப்ளே கைவிட்டுப் போகாது. ஆனால் அதற்குப் பிறகு இந்த மனிதரிடம் என்ன இருக்கும்? கட்சி போயிற்று, அரசாங்கம் போயிற்று, மூச்சும் போய்க்கொண்டிருந்தது. பசங்களைப் பத்தி எனக்குத் தெரியும்டா என்று அவர் சொன்னது ஒன்றுதான் மிச்சம்.

"இல்ல மாமா."

"பயந்துட்ட."

"ஆமா மாமா. பயந்துட்டேன்."

ஹோபர்ட் வாளியை மூடி அவன் பக்கம் நகர்த்தினார். நாற்காலியில் சாய்ந்து ரோட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்தது. அதை விடப் பெரிதாக ஒரு நிம்மதியும் இருந்தது. டென்சிலால் அதைப் பார்க்க முடியவில்லை.

"நீ மட்டும் ஊத்தியிருந்தா பசங்க வந்திருப்பாங்க."

"வந்திருப்பாங்க மாமா."

பிறகு ஹோபர்ட் தலையைத் திருப்பாமலே மனைவியைக் கூப்பிட்டார்.

"ஐலீன், அந்த யானைக்காரரை வீட்டுக்குப் போகச் சொல்லு."

டென்சில் வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.