தேறிய மண் யாருக்கு?

எண்ணெய் இயந்திரத்தில் போடுமுன் சோயாவை லேசாகச் சூடுகாட்ட வேண்டும். அதிகம் வறுத்தால் எண்ணெய் கறுக்கும். பச்சையாகப் போட்டால் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். கானா நாட்டில், தமாலே நகருக்கு வடக்கே, எங்கள் ஊர் மகளிர் சங்கத்தில் அந்தப் பக்குவம் அறிந்தவள் அசாரா. இந்த அறுவடையில் சூடுகாட்ட அவளுக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. இயந்திரம் மதியத்துக்குள் நின்றது. சந்தைக்காரிகள் வெறும் தகர டின்னோடு திரும்பினார்கள். பிண்ணாக்குக்கு வந்த கோழிப்பண்ணைக்காரரும் முணுமுணுத்தபடி வண்டியைத் திருப்பினார்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கென்று நிலம் கிடையாது. கணவன் காட்டிவிடும் இடத்தில் அவள் விதைக்கலாம், அவ்வளவுதான். அசாராவுக்கு அவள் கணவன் இத்ரிசு காட்டியது, புல்கூட யோசித்து முளைக்கும் ஒரு சரளைத் துண்டு. அவள் வருஷா வருஷம் சோயா போட்டாள். செடியை மட்டும் அறுத்துக்கொண்டு, உரமாகும் முடிச்சுகள் விட்ட வேரை மண்ணுக்கே விட்டாள். சருகையும் அங்கேயே மக்கவிட்டாள். மெல்ல மண் கறுத்தது, மண்புழு வந்தது. அந்த எண்ணெய் வருமானத்தில்தான் மூத்த மகள் மேல்நிலைப் பள்ளிக்குப் போனாள்.

மண் தேறியதைப் பார்த்த இத்ரிசு, இந்த மழைக்கு முன்னால் அதில் தான் மக்காச்சோளம் போடப்போவதாகச் சொல்லிவிட்டு, ஓடைப்பக்கம் இன்னொரு சரளைத் துண்டை அவளுக்குக் காட்டினான். கெட்டவன் அல்ல அவன். அவன் அப்பாவும் அப்படித்தான் செய்தார். இந்த வருஷம் ஊரில் பல கணவன்மார் அதையே செய்தார்கள். அசாரா விதையை எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் போனாள். சோளம் ஆளுயரம் வளர்ந்தது. போகுமிடமெல்லாம் இத்ரிசுவுக்கு அதே பேச்சு.

ஒருநாள் அவனும் தம்பி சுவாலிகுவும் ஓடைப்பக்கம் போனார்கள். மணி உதிர்த்து முடித்த செடிகளை வேரோடு குவித்து அசாரா தீ வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மனைவியைத் தன் மனைவி என்று கேலி பேச எங்களிடம் தம்பிக்கு உரிமை உண்டு.

"என்ன பொண்டாட்டி, வேரைக்கூட விட்டுவைக்கலையா? மண்ணு மேல அப்படி என்ன கோவம்?" என்றான் சுவாலிகு.

"நான் கிண்டுற களியைத் தின்னுட்டுப் படுக்கிற புருஷனுக்கு அதெல்லாம் எதுக்கு?"

இத்ரிசு சிரிக்கவில்லை. வேரை எடுக்கக்கூடாது என்று அவனுக்கே சொல்லித் தந்தவள் அவள். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டான்.

அவள் நிமிராமலே சொன்னாள்: "இந்த மண்ணும் தேறினா இதையும் எடுத்துக்குவீங்க. அதான் தேறாம பாத்துக்கறேன்."

"நீ மட்டுமா?"

அவள் கை நீட்டிக் காட்டினாள். ஓடையின் இரு கரையிலும், பெண்களின் துண்டு நிலங்களிலெல்லாம் புகை எழுந்துகொண்டிருந்தது. தேறிய மண்ணை எடுத்துக்கொண்டு பெண்களைச் சரளைக்கு அனுப்பியதால்தான் இயந்திரம் பட்டினி கிடக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அடுத்த வருஷமும் அது பட்டினிதான் கிடக்கும்.

மன்னிப்பு ஒன்றும் அவன் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பெரியவர்களுக்கு மரியாதையாகக் கொடுக்கும் கோலாக்கொட்டையோடு அசாராவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஊர்த்தலைவர் வாசலுக்குப் போனான். சோளம் அறுத்ததும் பழைய நிலம் அசாராவுடையது, தானோ தம்பியோ பிள்ளைகளோ திரும்பக் கேட்பதில்லை என்று சொல்லி, தலைவரையே சாட்சியாக இருக்கும்படி வேண்டினான்.

"பொண்டாட்டிக்குப் பயந்துட்டான்யா" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

இத்ரிசு அவர் பக்கம் திரும்பினான். "ஆமா, பயந்துதான் வந்திருக்கேன். மண்ணைத் தேத்தினவ கையிலிருந்து மண்ணைப் பிடுங்கினோம்னா, அப்புறம் இந்த ஊர்ல ஒருத்தரும் மண்ணைத் தேத்த மாட்டாங்க."